பாசையூருக்குப் போகிற கேக்

இன்னாசித்தம்பி: ...இதுக்கு மேலையும் தணல் போட்டால் தகரம் உருகிப் போம், செபஸ்தி!

செபஸ்தியம்மா: உருகாது. போடுங்கோ. கீழை எவ்வளவு தணலோ மேலையும் அவ்வளவு வேணும். அடுப்புப் பாக்கிறது நீங்கள், கேக் செய்யிறது நான். ஆற்றை சொல்லு நிக்கவேணும்?

இன்னாசித்தம்பி: உன்ரை சொல்லுத்தான். இந்த வீட்டிலை எண்டைக்கு என்ரை சொல்லு நிண்டது...

செபஸ்தியம்மா: தெரியுதெல்லே? அப்ப ரெண்டு சிரட்டையை எடுத்து அந்த மூலையிலை வையுங்கோ. மெல்ல... மெல்லவெண்டன்! தகரம் ஆடினால் சாம்பல் உள்ளுக்கை விழும்.

இன்னாசித்தம்பி: சுக்கான் பிடிக்கிற கையடி இது. பாலன் பிறக்கிற நத்தாருக்கு முதல்நாள் குசினியிலை குந்தியிருந்து சிரட்டை அடுக்குது. குருநகர்க் கரையிலை ஒருத்தனும் காணக்கூடாது.

செபஸ்தியம்மா: இண்டைக்குக் கடலிலை காத்து. வள்ளம் இறக்கேலாது. சும்மா இருந்து சுருட்டுப் பத்துறதிலும் பாக்க இது எவ்வளவோ மேல்.

இன்னாசித்தம்பி: முந்தி மாதிரிக் கனிசியஸின்ரை போறணையிலை குடுத்திருக்கலாம். பாண் சுட்டு முடிய, அந்தச் சூட்டிலை ஊரிலை உள்ள எல்லாற்றை தட்டும் வெந்து வரும். ஒரு கரைச்சலும் இல்லை.

செபஸ்தியம்மா: கனிசியஸிட்டைப் பாணுக்கே மாவில்லை. அவற்றை போறணைக்குள்ளை கோழி அடைகிடக்குதாம். எங்கையோ ஒரு மூலையிலை வெள்ளைக்காரன் சண்டை துவங்கினான், வினை வந்தது என்ரை கேக்குக்கு. நான் விட்டனானோ? தாச்சியிலை மணல், மணலுக்கு மேலை தட்டு, தட்டுக்கு மேலை தகரம், தகரத்துக்கு மேலை தணல். இதுவும் போறணைதான்.

இன்னாசித்தம்பி: போறணை சரி... உள்ளுக்கை இருக்கிறது கேக்கோ? கூப்பன் மாவிலை புழு நெளியுதெண்டு நீதானே நேற்று முழுக்கக் கத்தினனி.

செபஸ்தியம்மா: ஆர் மா போட்டது? றவை.

இன்னாசித்தம்பி: சீனி?

செபஸ்தியம்மா: கூப்பன் சீனி தேத்தண்ணிக்கே காணாது. பனங்கட்டியைக் காய்ச்சி வடிச்சுப் போட்டனான். நிறம் வந்து பாருங்கோ, சீனிக் கேக் பிச்சை வாங்கும்.

இன்னாசித்தம்பி: பட்டர்?

செபஸ்தியம்மா: உரும்பிராய் மீனாம்பிகையக்கா நெய் தந்தவ. நான் ஒரு கட்டுப் பாரைக் கருவாடு குடுத்தனான். அவவுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

இன்னாசித்தம்பி: பிளம்ஸ் இல்லாமல் நத்தார்க் கேக்கோ? கப்பலே வரேல்லை, பிளம்ஸ் எங்கையடி உனக்கு?

செபஸ்தியம்மா: பனாட்டு. வெயிலிலை காயவைச்ச பனம்பழக் களிதானே, அதைச் சின்னனாச் சின்னனா வெட்டி, ஒரு கிழமையாச் சாராயத்திலை ஊறப் போட்டனான். வாயிலை வைச்சால் பிளம்ஸ் எண்டு சத்தியம் பண்ணுவியள்.

இன்னாசித்தம்பி: சாராயமோ! எந்தச் சாராயம்?

செபஸ்தியம்மா: அலுமாரிக்குப் பின்னாலை, பழைய பாய்ச் சீலைக்குள்ளை சுத்தி வைச்சிருந்த சாராயம்.

இன்னாசித்தம்பி: அட மாதாவே... எலி குடிச்சுப் போட்டுதெண்டு நினைச்சன்.

செபஸ்தியம்மா: எலிக்கு மூடி திறக்கத் தெரியுமோ? கதையை விடுங்கோ. மணம் வருதே? வந்து மோந்து பாருங்கோ.

இன்னாசித்தம்பி: ...ம்ம். வருது.

செபஸ்தியம்மா: வருது எண்டால்? எப்பிடி வருது?

இன்னாசித்தம்பி: நல்லா வருது. கறுவா, கராம்பு, நெய்... சரி, ஒத்துக்கொள்ளுறன். நீ கெட்டிக்காரி.

செபஸ்தியம்மா: அது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லக் கேக்க ஆசையா இருந்துது. இப்ப கேளுங்கோ. வெந்ததும் பெரிய துண்டை நீலப்பூப் பீங்கானிலை வைச்சு, புது லேஞ்சி போட்டு மூடிறன். அது பாசையூருக்கு, அண்ணை வீட்டுக்கு.

இன்னாசித்தம்பி: வழமை போலைதானே. தா, பின்னேரம் மழை விட நான் கொண்டு போறன்.

செபஸ்தியம்மா: இல்லை. இந்த முறை நான் போறன்.

இன்னாசித்தம்பி: ...என்னது?

செபஸ்தியம்மா: நான் போறன். நானே என்ரை கையாலை அண்ணையின்ரை கையிலை குடுக்கப் போறன்.

இன்னாசித்தம்பி: நீயோ? ஏன்... உனக்கேன் இந்தக் கஷ்டம்? மாரி மழையடி. பாசையூர் ஒழுங்கை முழுக்க வெள்ளம்.

செபஸ்தியம்மா: சீலையைத் தூக்கிச் செருகினால் போச்சு.

இன்னாசித்தம்பி: றோட்டிலை ஆமிக்காரன்ரை லொறி ஓடுது. சேறு அடிச்சால் கேக் பழுது.

செபஸ்தியம்மா: குடை பிடிக்கிறன்.

இன்னாசித்தம்பி: உன்ரை கொண்ணைக்குக் காய்ச்சலாம். கரையிலை சொன்னவங்கள். படுத்த படுக்கையாம்.

செபஸ்தியம்மா: நேற்று மீன் சந்தையிலை கண்டனான். பெரிய சுறா ஒண்டைத் தோளிலை போட்டுக்கொண்டு, ஏலக்காரனைத் தின்னுறமாதிரி ஏசிக்கொண்டு நிண்டவர். அது என்ன காய்ச்சல்?

இன்னாசித்தம்பி: ...அது ராத்திரி வந்திருக்கும்.

செபஸ்தியம்மா: இஞ்சேருங்கோ. என்னைப் பாருங்கோ. ஏன் நான் போறதெண்டவுடனை உங்கடை முகம் இப்பிடிக் கறுத்துப் போச்சு?

இன்னாசித்தம்பி: தணல் வெக்கை.

செபஸ்தியம்மா: தணல் வெக்கைக்குச் சிவக்கும், கறுக்காது. கேளுங்கோ, நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை. தை பிறந்தால் திரேசம்மாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பாசையூர்ப் பெடியன். போன ஞாயிறு அந்தக் கோயிலிலையே கலியாணப் பேர் வாசிச்சாச்சு. அண்ணையின்ரை காதிலை விழாமல் இருக்குமோ? தாய்மாமன் அந்த ஊரிலையே இருக்க, என்ரை பிள்ளை மாமன்ரை கை பிடியாமல் கோயில் படி ஏறுறதோ? அது நடக்காது. நான் உயிரோடை இருக்கும்வரைக்கும் நடக்காது.

இன்னாசித்தம்பி: நானும் அதைத்தான் விரும்பிறன் செபஸ்தி. ஆனால் உவர் சிமியோன் மச்சானை உனக்குத் தெரியும்தானே. ஒரு சொல்லுச் சொன்னால்...

செபஸ்தியம்மா: தெரியும். நானும் அதே வயித்திலை பிறந்தவள்தான்.

இன்னாசித்தம்பி: பாய்மரம் முறிஞ்சது நேற்று நடந்த மாதிரிக் கிடக்கு எனக்கு.

செபஸ்தியம்மா: ஆர் முறிச்சது? காத்துப் பாராமல் ரெண்டு வீட்டுக்கும் பொதுவான வள்ளத்தை இறக்கிக்கொண்டு போனது ஆர்?

இன்னாசித்தம்பி: நான்தான். சரி. அதுக்குக் கரையிலை நாலுபேருக்கு முன்னாலை என்னைப் பேயன் எண்டு கூப்பிடுறதோ?

செபஸ்தியம்மா: அதுக்கு நான் சும்மா விட்டனானோ? ஓடிவந்து அதே நாலுபேருக்கு முன்னாலை நல்லாக் குடுத்தனானெல்லே? என்ரை மனிசனைப் பேயன் எண்டு சொல்ல எனக்கு மட்டுந்தான் உரிமை எண்டு.

இன்னாசித்தம்பி: அதிலைதானே வந்தது எல்லாம். கொண்ணை துள்ளிக்கொண்டு சத்தியம் பண்ணினார்... ‘இனி உன்ரை கையாலை ஒரு மிடறு தண்ணியும் வேண்டிக் குடிக்கமாட்டன்’ எண்டு.

செபஸ்தியம்மா: பண்ணினவர்தான். பண்ணினாப் பிறகு வந்த அஞ்சு நத்தாருக்கும் என்ரை கேக்கைத் திண்டவர் எண்டுதானே நீங்கள் வந்து சொன்னனீங்கள். சத்தியம் அங்கையே முறிஞ்சு போச்செல்லே? பிறகென்ன பயம்? நான் போய், ‘அண்ணை, அஞ்சு வருசமாக் கேக் திண்டனீங்கள், இனிக் கலியாணத்துக்கு வாங்கோ’ எண்டு கூப்பிட்டால் முடிஞ்சுது.

இன்னாசித்தம்பி: ஐயையோ... அப்பிடி மட்டும் சொல்லிப் போடாதை!

செபஸ்தியம்மா: ஏன்?

இன்னாசித்தம்பி: ...சும்மாதான். சொல்லிக் காட்டின மாதிரி இருக்கும்.

செபஸ்தியம்மா: சரி, சொல்லிக் காட்டேல்லை. போன வருசம் நீங்கள் கேக்கைக் குடுக்கேக்கை அண்ணை எங்கை இருந்தவர்?

இன்னாசித்தம்பி: எங்கை... கதிரையிலை.

செபஸ்தியம்மா: உங்களைக் கண்டு என்ன சொன்னவர்?

இன்னாசித்தம்பி: வா மச்சான் எண்டவர்.

செபஸ்தியம்மா: அதுக்கு முதல் வருசம்?

இன்னாசித்தம்பி: அப்பவும்... வா மச்சான் எண்டுதான்.

செபஸ்தியம்மா: சந்தையிலை உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புற மனிசன், நத்தாருக்கு மட்டும் வா மச்சான் எண்டு கதிரை குடுக்கிறவராக்கும்.

இன்னாசித்தம்பி: நத்தார் எண்டால் பெரிய நாளெல்லே...

செபஸ்தியம்மா: போதும். இனிமேல் பொய் சொன்னால் நாக்கு வெந்து போம். எனக்கு எல்லாம் தெரியும்.

இன்னாசித்தம்பி: என்ன தெரியும்?

செபஸ்தியம்மா: என்ரை கேக் ஒரு வருசமும் அந்த வீட்டுக்குள்ளை போகேல்லை எண்டு தெரியும்.

இன்னாசித்தம்பி: எண்டையிலையிருந்து?

செபஸ்தியம்மா: ரெண்டு வருசமாத் தெரியும். போன நத்தாருக்கு முந்தின நத்தார், நீங்கள் கொண்டுபோன பீங்கான் திரும்பி வரேக்கை அதிலை என்ன இருந்துது?

இன்னாசித்தம்பி: சீனி. வடிவான வெள்ளைச் சீனி. பீங்கான் நிறைய.

செபஸ்தியம்மா: அந்த ஐப்பசியிலை சின்னத்தங்கம் மச்சாளின்ரை தாய், அண்ணையின்ரை மாமி, செத்தது உங்களுக்கு ஞாபகமில்லையோ? நானும் கோயில் மட்டும் போய்த் தூர நிண்டு அழுதிட்டு வந்தனான்.

இன்னாசித்தம்பி: ஓம், செத்தவ. அதுக்கும் சீனிக்கும் என்ன?

செபஸ்தியம்மா: இதுதான் ஆம்பிளையள்! துக்க வீட்டிலையிருந்து ஆண்டுப் பூசை முடியுமட்டும் இனிப்பு வெளியிலை போகுமோ? நாங்கள்தான் அங்கை கொண்டுபோய்க் குடுக்கிறது. அவை திருப்பி ஒண்டும் போடாயினம், பீங்கானைக் கழுவி வெறுமனை தருவினம், அதுதான் முறை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் என்னெண்டால் பீங்கான் நிறையச் சீனியைக் கொட்டிக்கொண்டு, ‘மச்சாள் தந்தவ’ எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்!

இன்னாசித்தம்பி: அட கடவுளே... வெறும் பீங்கானைக் கண்டால் நீ வேறை மாதிரி நினைப்பாய் எண்டெல்லோ நான் அருளம்பலத்தின்ரை கடையிலை வேண்டிப் போட்டனான்...

செபஸ்தியம்மா: பாத்தியளே? வந்துது உண்மை.

இன்னாசித்தம்பி: தெரிஞ்சும் ஏனடி ஒண்டும் சொல்லேல்லை? தெரிஞ்சும் பிறகு ஏன் கேக் செய்து தந்தனி?

செபஸ்தியம்மா: ஏனெண்டால்... நீங்கள் ஒரு வருசமெண்டாலும் துணிஞ்சு உள்ளுக்கை கொண்டு போவியள் எண்டு ஒரு நப்பாசை. நான் கேக்கைச் செய்யாமல் விட்டால் அந்த ஒரு வருசமும் வராதெல்லே. அதுதான். மா அரிக்கேக்கையும் அழுதிருக்கிறன், உங்களுக்கு எங்கை தெரியும்.

இன்னாசித்தம்பி: செபஸ்தி...

செபஸ்தியம்மா: கொஞ்சாதைங்கோ. கோவம் இன்னும் ஆறேல்லை. சொல்லுங்கோ, அஞ்சு கேக்கையும் ஆரோடை இருந்து விழுங்கினீங்கள்? கள்ளுக் கொட்டிலிலை வைச்சோ?

இன்னாசித்தம்பி: விழுங்கினதோ! ஒரு துணிக்கை நான் வாயிலை வைச்சிருந்தால்...

செபஸ்தியம்மா: நாய்க்குப் போட்டனீங்களோ?

இன்னாசித்தம்பி: விசர்க்கதை கதையாதை! உன்ரை கேக்கை நான் நாய்க்குப் போடுவனோ?

செபஸ்தியம்மா: அப்ப ஆருக்கு?

இன்னாசித்தம்பி: சொல்லேலாது.

செபஸ்தியம்மா: என்ன சொல்லேலாது?

இன்னாசித்தம்பி: அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணிக் குடுத்தனான். சொல்லமாட்டன் எண்டு.

செபஸ்தியம்மா: ஆருக்குச் சத்தியம் பண்ணினது? ஆரவள்?

இன்னாசித்தம்பி: ஆரவளோ! எடியே, எனக்குத் தலை நரைச்சுப் போச்சடி...

செபஸ்தியம்மா: நரைச்ச தலைக்குத்தான் நான் பயம். இஞ்சை பாருங்கோ, இப்ப சொல்லாட்டில் இந்தத் தகரத்தைத் தணலோடை தூக்கி முத்தத்திலை எறிவன். கேக்கும் இல்லை, நத்தாரும் இல்லை.

இன்னாசித்தம்பி: எறியாதை! எறியாதை... வையடி கீழை! கை சுடப்போகுது. சொல்லுறன். அந்தோனியார் என்னை மன்னிப்பார், நீ மன்னிக்கமாட்டாய். சொல்லுறன்.

செபஸ்தியம்மா: ம்ம்.

இன்னாசித்தம்பி: முதல் வருசம் நான் படலையடியிலை நிண்டு கூப்பிட்டனான். கொண்ணை எட்டிப் பாத்தார். பாத்திட்டு உள்ளுக்கை போயிட்டார். போ எண்டும் சொல்லேல்லை, வா எண்டும் சொல்லேல்லை. நான் பீங்கானும் கையுமா எவ்வளவு நேரம் நிக்கிறது? திரும்பிப் பின் ஒழுங்கையாலை வாறன்... வேலிக்குள்ளையிருந்து ‘ச்சூ, ச்சூ’ எண்டு சத்தம்.

செபஸ்தியம்மா: ஆர்?

இன்னாசித்தம்பி: சின்னத்தங்கம். கோழி போய்வாற வேலிப் பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டிக்கொண்டு, ‘அண்ணை, தாங்கோ கெதியா’ எண்டு.

செபஸ்தியம்மா: மச்சாளோ!

இன்னாசித்தம்பி: ஓம். ‘நான் செய்தது எண்டு சொல்லி இவருக்குக் குடுக்கிறன். எங்கையிருந்து வந்ததெண்டு தெரிஞ்சால் தொடமாட்டார். ஆனால் மச்சாளுக்கும் சொல்லாதைங்கோ’ எண்டு சத்தியம் வேண்டிப் போட்டாள். அண்டையிலையிருந்து ஒவ்வொரு வருசமும் பின் ஒழுங்கைதான், அந்தப் பொட்டுத்தான்.

செபஸ்தியம்மா: எனக்கு ஏன் சொல்லக் கூடாதாம்?

இன்னாசித்தம்பி: ...அதை விடன்.

செபஸ்தியம்மா: சொல்லுங்கோ.

இன்னாசித்தம்பி: உனக்கு வாயிலை நிக்காதாம்.

செபஸ்தியம்மா: என்ரை வாயிலையோ! நிக்காதாமோ! ரெண்டு வருசமா உங்கடை களவை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டிருந்தவள் நான்!

இன்னாசித்தம்பி: அது அவளுக்குத் தெரியாதெல்லே.

செபஸ்தியம்மா: பொறுங்கோ... பொறுங்கோ. அப்ப அண்ணை திண்டவரோ?

இன்னாசித்தம்பி: திண்டவர்.

செபஸ்தியம்மா: அஞ்சு வருசமுமோ?

இன்னாசித்தம்பி: அஞ்சு வருசமும். பிள்ளையளுக்குக் கூட ஒரு துண்டுக்கு மேலை குடுக்கிறேல்லையாம். போதாததுக்குக் கரையிலை நிண்டு புளுகு வேறை... ‘எங்கடை வீட்டிலை நத்தாருக்கு வாற கேக் மாதிரி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது’ எண்டு. நான் வலை தைக்கிறமாதிரிக் குனிஞ்சு கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன். எனக்கு வயிறு குலுங்கும்.

செபஸ்தியம்மா: என்ரை அண்ணை... திண்டவர். அப்ப நான் வீணா அழுதிருக்கிறன். ஐயோ, எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. உங்களைக் கட்டிப்பிடிக்கிறதோ, இந்த அகப்பையாலை போடுறதோ எண்டு தெரியேல்லை.

இன்னாசித்தம்பி: முதல் சொன்னதைச் செய்.

செபஸ்தியம்மா: ஆனால் கேளுங்கோ... என்ரை கேக்கைத் தன்ரை கேக் எண்டு சொல்லி அவ பேர் வேண்டினவவோ? முட்டை அடிச்சுக் கை வலிச்சது எனக்கு, பாசையூரிலை பேர் அவவுக்கோ?

இன்னாசித்தம்பி: பாத்தியே. இதுக்குத்தான் சொல்லேல்லை.

செபஸ்தியம்மா: இனி நான் போகாமல் விடுறதோ? இப்பவே போறன். அண்ணையின்ரை முகத்துக்கு நேரை நிண்டு, ‘அஞ்சு நத்தாராத் திண்டது ஆற்றை கேக் தெரியுமோ?’ எண்டு...

இன்னாசித்தம்பி: போச்சு! எல்லாம் போச்சு! உன்ரை கொண்ணை அந்த இடத்திலையே பீங்கானைத் தூக்கி அடிப்பார். பெண்சாதி பொய் சொல்லி ஏமாத்தினவள் எண்டு அவளையும் வீட்டைவிட்டுக் கலைப்பார். கலியாணத்துக்கு வாற கதையே இல்லை. யோசிச்சுப் பாரடி.

செபஸ்தியம்மா: யோசிச்சாச்சு. உண்மையைச் சொல்லித்தான் கூப்பிடுவன். பொட்டுக்குள்ளாலை கேக் போகலாம். மாமனைப் பொட்டுக்குள்ளாலை கோயிலுக்குக் கொண்டுவரேலுமோ?

இன்னாசித்தம்பி: அதுக்கு நான் என்ன சொல்ல... கொஞ்சம் பொறு. படலையிலை ஆரோ கூப்பிடுகினம்.

சின்னத்தங்கம்: அண்ணை... இன்னாசி அண்ணை... வீட்டிலை இருக்கிறியளோ?

இன்னாசித்தம்பி: அந்தோனியாரே! சின்னத்தங்கம்!

செபஸ்தியம்மா: வரட்டும், வரட்டும். வாங்கோ மச்சாள், உள்ளுக்கை வாங்கோ! இஞ்சேருங்கோ, கதிரையைத் துடைச்சுப் போடுங்கோ. பாசையூரிலை கேக்குக்குப் பேர் போன மனிசி வந்திருக்கிறா.

சின்னத்தங்கம்: ...அண்ணை, சொல்லிப் போட்டியளோ?

இன்னாசித்தம்பி: தங்கச்சி, உன்ரை மச்சாள் நெருப்பைத் தூக்கினவள். நான் என்ன செய்ய?

செபஸ்தியம்மா: அவரைப் பாராதைங்கோ, என்னைப் பாருங்கோ மச்சாள். நல்லா நனைஞ்சு போனியள். இந்தாங்கோ துவாய், தலையைத் துடையுங்கோ. துடைச்சுக்கொண்டே சொல்லுங்கோ... எத்தினை முட்டை போட்டுச் செய்தனீங்கள் போன வருசக் கேக்கை?

சின்னத்தங்கம்: மச்சாள்...

செபஸ்தியம்மா: இந்த வருசத்துக்கு என்ன யோசிச்சிருந்தனீங்கள்? நான் றவையும் பனாட்டும் போட்டனான். அண்ணை விசாரிச்சால் சொல்லத் தெரியவேணுமெல்லே?

சின்னத்தங்கம்: ஏசுங்கோ மச்சாள். நல்லா ஏசுங்கோ. நான் ஏச்சு வேண்டத்தான் வேணும். ஆனால் அந்தக் கேக்கை அப்பிடியே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. அண்ணை தலையைக் குனிஞ்சுகொண்டு ஒழுங்கையாலை போறதைப் பாத்தன், நெஞ்சு பொறுக்கேல்லை.

செபஸ்தியம்மா: ...சரி, இருங்கோ. தேத்தண்ணி ஊத்திறன். கோவம் உங்களோடை இல்லை மச்சாள். எனக்குச் சொல்லியிருக்கலாமெண்டுதான். வாயிலை நிக்காதெண்டு சொன்னனீங்களாம், அது மட்டுந்தான் கொஞ்சம் சுட்டுது.

சின்னத்தங்கம்: அதையும் சொல்லிப் போட்டியளோ அண்ணை!

இன்னாசித்தம்பி: நான் சொல்லமாட்டன் எண்டுதான்... அவள் விட்டாளே?

செபஸ்தியம்மா: நல்லதாப் போச்சு மச்சாள் நீங்கள் வந்தது. கேக் இப்ப இறக்கிற பருவம். இஞ்சேருங்கோ, தகரத்தை எடுங்கோ... ரெண்டு கையாலையும்... அப்பிடி. ஆ! பாருங்கோ பாருங்கோ, என்னமாப் பொங்கிக் கிடக்கு! ஈர்க்கு ஒண்டு தாங்கோ. குத்திப் பாப்பம்... ஒட்டேல்லை. வெந்திட்டுது. சீனியும் இல்லை, மாவும் இல்லை, போறணையும் இல்லை, ஆனால் கேக் இருக்கு! ஆற வைச்சிட்டு மூண்டுபேருமாப் போவம். நான் முன்னுக்குப் போறன், நீங்கள் ரெண்டுபேரும் பின்னாலை வாங்கோ. அண்ணைக்கு உண்மையைச் சொல்லுறது நான்.

இன்னாசித்தம்பி: தங்கச்சி, நீயாவது சொல்லு இவளுக்கு. உள்ள குடும்பமும் குழம்பப் போகுது.

சின்னத்தங்கம்: மச்சாள்... நீங்கள் போய்ச் சொல்லத் தேவையில்லை.

செபஸ்தியம்மா: பயப்பிடாதைங்கோ. உங்களை ஏசினால் நான் நடுவிலை நிப்பன்.

சின்னத்தங்கம்: அதில்லை மச்சாள். சொல்லத் தேவையில்லை... அவருக்குத் தெரியும்.

இன்னாசித்தம்பி: என்ன தெரியும்?

செபஸ்தியம்மா: எது தெரியும்? எப்பவிருந்து?

சின்னத்தங்கம்: முதல் வருசமே தெரியும். ஒரு துண்டை வாயிலை வைச்சார், வைச்சுக் கண்ணை மூடினவர் கனநேரம் திறக்கேல்லை. நான் ‘நான்தான் செய்த...’ எண்டு பொய் சொல்ல வாயெடுக்கிறன், கையைக் காட்டி மறிச்சுப் போட்டார். ‘எங்கடை அம்மாவின்ரை பக்குவம் எனக்குத் தெரியாதே? ஆர் செய்ததெண்டு நீ எனக்குச் சொல்லிப் போடாதை. சொன்னியெண்டால், பிறகு என்னாலை தின்னேலாமல் போம்’ எண்டார்.

இன்னாசித்தம்பி: எட... அப்ப கரையிலை நிண்டு புளுகினதெல்லாம்... பக்கத்திலை நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சோ?

சின்னத்தங்கம்: நீங்கள் போய் மச்சாளுக்குச் சொல்லுவியள் எண்டுதான், அண்ணை, அவர் புளுகினது. நீங்கள் என்னெண்டால் என்ரை சத்தியத்தைக் காப்பாத்திக்கொண்டு இருந்திட்டியள்.

செபஸ்தியம்மா: மச்சாள்... அப்ப இண்டைக்கு இந்த மழைக்குள்ளை ஏன் வந்தனீங்கள்?

சின்னத்தங்கம்: அவர்தான் அனுப்பினவர். கோயிலிலை திரேசம்மாவின்ரை பேர் வாசிச்சதிலையிருந்து மனிசன் ஒழுங்காச் சாப்பிடேல்லை. இண்டைக்கு விடிய எழும்பி, அந்த வேலிப் பொட்டைக் கிடுகு வைச்சுத் தன்ரை கையாலையே அடைச்சுப் போட்டார். பிறகு முன்னுக்குப் போய்ப் படலையை அகலத் திறந்து வைச்சிட்டு எனக்குச் சொல்லுறார்... ‘போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை கேக் ஆர் செய்ததெண்டு அவளே எனக்குச் சொல்லட்டும். சொன்னாலும் தின்னுவன்.’